வீட்டுக் கூடுகையும் விசுவாசப் பகிர்வும்: தருமபுரி, கிருஷ்ணகிரி வட்டாரத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாலக்கோட்டுக்குப் பக்கத்தில், எங்கள் வீட்டு முன்னறையில், வாரம் ஒரு மாலை ஜெபக் கூடுகை நடக்கிறது. ஒன்பது ஆண்டுகளாக நடக்கிறது. நான் போதகர் அல்லன், சபையில் எந்தப் பொறுப்பிலும் இல்லை; தக்காளி மண்டியில் கணக்கு எழுதுகிறவன். தங்கள் ஊரிலும் இப்படி ஒன்றைத் தொடங்க விரும்பும் குடும்பத்தார் பெரும்பாலும் ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள் என்பதால், அவற்றுக்கு நான் வழக்கமாகச் சொல்லும் விடைகளை இங்கே எழுதியிருக்கிறேன்.

ஞாயிறு ஆராதனை இருக்கும்போது வீட்டுக் கூடுகை எதற்கு?

ஆராதனைக்குப் பதிலாக இதை நடத்தக் கூடாது. அப்போஸ்தலர் நடபடிகள் 2:46-இல் முதல் விசுவாசிகள் தேவாலயத்திலும் கூடினார்கள், வீடுகளிலும் அப்பம் பிட்டார்கள் என்று இரண்டும் சேர்த்தே சொல்லப்பட்டிருக்கிறது. கத்தோலிக்கப் பங்குகளில் அன்பியம் என்ற பெயரில் தெருவாரியாகக் குடும்பங்கள் கூடுவதும் இதே நோக்கத்தோடுதான். ஆலயத்தில் ஒருவர் பேச மற்றவர்கள் கேட்கிறோம். அங்கே எழுந்து நின்று சந்தேகம் கேட்பது மரியாதையாக இராது. வீட்டில் கேட்கலாம். இறந்துபோன லாசருவை உயிரோடு எழுப்பத்தானே போகிறார், பிறகு எதற்காக இயேசு அழுதார் என்று எங்கள் கூடுகையில் ஒரு பாட்டி குறுக்கே கேட்டார். அன்றைக்கு ஆயத்தம் செய்திருந்த பகுதியை விட்டுவிட்டு இரவு ஒன்பது மணி வரை அதையே பேசிக்கொண்டிருந்தோம்.

நாம் இந்த வட்டாரத்துக்குப் புதியவர்கள் என்று சொல்கிறார்களே?

வரலாற்றைத் தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது. தருமபுரி 1965 அக்டோபர் 2 வரை சேலம் மாவட்டத்தின் பகுதியாகவே இருந்தது. கிருஷ்ணகிரி தனி மாவட்டமானது 2004 பிப்ரவரியில்தான். எனவே இங்குள்ள கிறிஸ்தவத்தின் தொடக்கத்தைச் சேலத்து வரலாற்றோடு சேர்த்துத்தான் படிக்க வேண்டும். இயேசு சபைத் துறவியான ராபர்ட் தெ நொபிலி மதுரையிலிருந்து புறப்பட்டுச் சேலம் பகுதிக்கு வந்தது 1623-இல். கோவிலூர், எலத்தகிரி, மத்திகிரி போன்ற ஊர்கள் பல தலைமுறைகளாகக் கத்தோலிக்கர் வாழும் ஊர்கள். இரு மாவட்டங்களையும் உள்ளடக்கிய தருமபுரி மறைமாவட்டம் 1997 ஜனவரியில் சேலத்திலிருந்து பிரித்து அமைக்கப்பட்டது. இன்று ஐ.இ.எல்.சி. என்று அழைக்கப்படும் லுத்தரன் சபையின் பணி, தியோடர் நேதர் என்ற மிஷனரியின் மூலம் 1895-இல் தொடங்கிய இடமே கிருஷ்ணகிரிதான்.

ஆனால் யாராவது "நீங்கள் நேற்று வந்தவர்கள்தானே" என்று சொன்னால் இந்த ஆண்டுகளையெல்லாம் அவர் முன் அடுக்காதீர்கள். நான் ஒருமுறை அடுக்கினேன். அவர் வாயடைத்துப் போனார் என்பது உண்மைதான். அதன்பின் எங்கள் வீட்டுப் பக்கம் வருவதையே நிறுத்திக்கொண்டார் என்பதும் உண்மை.

எந்த நாள், எந்த நேரம் வைப்பது?

வருகிறவர்களின் பிழைப்பைப் பார்த்து வையுங்கள். பாலக்கோடு, ராயக்கோட்டைப் பக்கம் தக்காளி அறுவடைக் காலத்தில் விடியுமுன் எழுந்து தோட்டத்துக்குப் போகிறவர்கள் இரவு எட்டரைக்கு மேல் உட்கார முடியாது. கிருஷ்ணகிரி, பர்கூர்ப் பக்கம் மாங்காய்ப் பருவம் வந்துவிட்டால் ஏப்ரல் முதல் ஜூலை வரை குடும்பமே தோப்பிலும் மண்டியிலும் இருக்கும். ஓசூரில் ஷிப்டு வேலை. ஒரே ஆள் ஒரு வாரம் வருவார், மறுவாரம் வரமாட்டார், அதற்காக அவரைக் குளிர்ந்துபோன விசுவாசி என்று முடிவுகட்டக் கூடாது. இந்த மாவட்டங்களிலிருந்து பெங்களூருக்கும் திருப்பூருக்கும் வேலைக்குப் போய் மாதம் ஒருமுறை வீட்டுக்கு வருகிறவர்கள் ஏராளம். அப்படி வருகிறவர் மனைவி மக்களோடு இருக்கக் கிடைக்கும் ஒரே சனிக்கிழமை இரவைக் கூடுகைக்கென்று நாம் கேட்பது நியாயமில்லை. நாங்கள் புதன்கிழமை மாலை ஆறேமுக்காலுக்குத் தொடங்கி எட்டுக்கு முடிக்கிறோம். தொடங்கும் நேரத்தில் முன்பின் இருந்தாலும் முடிக்கும் நேரத்தில் கண்டிப்பாக இருங்கள். அடுப்பில் களி கிண்ட வேண்டிய பெண்கள் சங்கோசப்பட்டு எழுந்திருக்காமல் உட்கார்ந்திருப்பார்கள்.

எந்த மொழியில் நடத்துவது?

தருமபுரியில் இந்தக் கேள்வி அவ்வளவாக எழாது. ஓசூர், தளி, தேன்கனிக்கோட்டை, வேப்பனப்பள்ளி என்று போகப் போக வீட்டுக்குள் தெலுங்கோ கன்னடமோ பேசி, கடைத்தெருவில் தமிழ் பேசுகிற குடும்பங்கள் மிகுதி. இவர்கள் தமிழில் நடக்கும் கூடுகையில் எல்லாவற்றையும் புரிந்துகொள்வார்கள். ஆனால் ஜெபிக்கச் சொன்னால் வாய் திறக்கமாட்டார்கள். துக்கத்தைச் சொல்ல ஒவ்வொருவருக்கும் வீட்டு மொழிதான் வருகிறது. அவரவர் மொழியிலேயே ஜெபிக்கலாம் என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். தெலுங்கு, கன்னட வேதாகமங்களில் ஒவ்வொரு பிரதி வீட்டில் இருக்கட்டும். தமிழிலும் பழைய மொழிபெயர்ப்பின் நடை புதியவர்களுக்குக் கடினமாக இருக்கும். 1995-இல் கத்தோலிக்கரும் பிற சபையாரும் சேர்ந்து கொண்டுவந்த திருவிவிலியத்தை வாசித்துக் காட்டினால் விளக்கம் சொல்லும் வேலை பாதி குறைகிறது.

பக்கத்து வீட்டாரை எப்படி அழைப்பது?

முதலில் நீங்கள் அவர்கள் வீட்டுக்குப் போயிருக்க வேண்டும். அவர்கள் வீட்டுச் சாவுக்குப் போகாதவர், மஞ்சள் நீராட்டுக்குப் போகாதவர், கூடுகைக்கு மட்டும் அழைத்தால் அதில் என்ன மரியாதை இருக்கிறது? அழைக்கும்போது என்ன நடக்கும் என்பதை மறைக்காமல் சொல்லுங்கள்: பாட்டுப் பாடுவோம், வேதம் வாசிப்போம், ஜெபிப்போம், டீ குடிப்போம். பிறந்தநாள் என்று சொல்லி அழைத்து உட்கார வைத்து ஜெபத்தைத் தொடங்குவது பொய். அது ஊழியத்தின் பெயரால் சொன்ன பொய் என்பதால் இன்னும் மோசமானது. யோவான் முதல் அதிகாரத்தில் பிலிப்பு நாத்தான்வேலிடம் "வந்து பார்" என்று மட்டும் சொல்கிறான். வரவில்லை என்றால் மறுபடி அழைப்பதற்கு முன் நல்ல இடைவெளி விடுங்கள். வாராவாரம் கதவைத் தட்டினால் நம்மைக் கண்டதும் விளக்கை அணைத்துவிடுவார்கள்.

நம்பிக்கையைப் பற்றி எப்போது பேசுவது? என்ன பேசுவது?

கேட்கும்போது பேசுங்கள். 1 பேதுரு 3:15, நம்பிக்கைக்குக் காரணம் கேட்கிறவருக்குச் சாந்தத்தோடு உத்தரவு சொல்ல ஆயத்தமாக இருக்கச் சொல்கிறது. அங்கே கேட்கிறவர் ஒருவர் இருக்கிறார் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. யாரும் கேட்கவே இல்லை என்றால், கேட்கும்படியாக நம் வாழ்க்கையில் என்ன இருக்கிறது என்றுதான் முதலில் பார்க்க வேண்டும்.

சாட்சி சொல்லும்போது உங்களுக்கு நடந்ததை, நடந்த அளவில் சொல்லுங்கள். யோவான் 9-இல் பார்வை பெற்றவன், தனக்குத் தெரிந்த ஒன்றை மட்டும் சொல்லி, தெரியாததைத் தெரியாது என்று விட்டுவிடுகிறான். நம்மில் சிலர் பழைய வாழ்க்கையை ஆண்டுக்கு ஆண்டு கறுப்பாக்கிக்கொண்டே போகிறோம். பத்து ஆண்டுகளுக்கு முன் எப்போதாவது குடித்தவர் இப்போது சாட்சியில் தினமும் குடித்தவராகிவிடுகிறார். அவரோடு வளர்ந்தவர்கள் அதே தெருவில்தான் இருக்கிறார்கள், கேட்டுச் சிரிக்கிறார்கள். அதேபோல், மற்றவர் வணங்கும் தெய்வத்தைப் பற்றி ஒரு வார்த்தையும் இழிவாகச் சொல்லக் கூடாது. நம் தாத்தாவோ பூட்டனோ அந்தத் தெய்வத்தின் முன்தான் பிள்ளைக்கு மொட்டை அடித்திருப்பார்.

கூடுகையில் சாப்பாடு வேண்டுமா?

விருந்து வேண்டாம், டீயும் ஒரு பிஸ்கட்டும் போதும், குளிர்காலத்தில் சுண்டல் வைக்கலாம். ஆனால் இந்தக் கேள்விக்குள் இன்னொரு கேள்வி இருக்கிறது, அதைச் சொல்லாமல் போக முடியாது.

எங்கள் எதிர்வீட்டு அம்மா முதல் வருடம் முழுவதும் உள்ளே வரவில்லை. தன் வாசற்படியில் உட்கார்ந்து முறத்தில் புளியங்கொட்டை தட்டிக்கொண்டே பாட்டைக் கேட்பார். "உள்ளே வாங்கம்மா" என்றால், "இருக்கட்டும் சாமி" என்பார். அடுத்த ஆண்டு ஒரு புதன்கிழமை, அழைக்காமலே எழுந்து வந்து பாயில் உட்கார்ந்தார். என்னம்மா இன்றைக்கு என்று என் மனைவி கேட்டதற்கு, "டம்ளரைப் பார்த்துட்டு இருந்தேன் கண்ணு" என்றார். எங்களுக்கு விளங்கவில்லை. காலனியிலிருந்து, அதாவது ஊருக்கு வெளியே தலித் மக்கள் வாழும் குடியிருப்பிலிருந்து, வருகிற இரண்டு குடும்பங்களுக்குத் தனி டம்ளர் கொடுக்கிறோமா, கழுவி வைக்கும்போது தனியாகக் கவிழ்க்கிறோமா என்று ஒரு வருடமாகப் பார்த்திருக்கிறார். எங்களிடம் இருந்தவை பதினாறு எவர்சில்வர் டம்ளர்கள், எல்லாம் ஒரே அளவு, ஒரே கூடையில் கவிழ்ந்திருக்கும். அவர் கேட்ட பிரசங்கம் அந்தக் கூடைதான்.

2012 நவம்பரில் நாயக்கன்கொட்டாய் அருகே நத்தம் காலனியிலும் பக்கத்துக் காலனிகளிலும் வீடுகள் எரிக்கப்பட்ட மாவட்டம் இது. கிறிஸ்தவர்களாகிய நாம் இதற்கு வெளியே நிற்பதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். சாதி பார்த்துப் பெண் கொடுக்கும் விசுவாசிகளையும், ஊருக்கு ஒன்று காலனிக்கு ஒன்று என்று நடக்கும் ஜெபக்கூட்டங்களையும் நான் பார்த்திருக்கிறேன். மக்களை ஒன்றுசேர்ப்பது உங்கள் நோக்கமானால் கூடுகை யார் வீட்டில் நடக்கிறது என்பதே முதல் கேள்வி. ஊரில் இருக்கும் வீட்டில் நடத்தினால் காலனிக்காரர் வரலாம். காலனியில் நடத்தும்போது ஊர்க்காரர் போவாரா என்பதில்தான் சோதனை இருக்கிறது. நாங்கள் மாதத்தில் ஒரு புதன்கிழமையைக் காலனி வீட்டில் வைக்கிறோம். தொடங்கிய முதல் மாதத்தில் இரண்டு குடும்பங்கள் நின்றுவிட்டன. ஒன்று திரும்பி வந்தது.

கைப்பிரதி கொடுக்கலாமா?

சட்டப்படி தடை இல்லை. பேருந்து நிலையத்தில் கொடுத்தவை அரை மணி நேரத்தில் காலடியில் கிடப்பதைப் பார்த்த பிறகு நான் கொடுப்பதில்லை. கேட்கிறவருக்கு லூக்கா சுவிசேஷம் ஒன்றைக் கொடுங்கள்.

ஏழைகளுக்கு உதவி செய்தால் ஆசை காட்டி மதம் மாற்றுவதாகச் சொல்வார்களே?

சொல்லத்தான் செய்வார்கள், சில இடங்களில் அது உண்மையாகவும் இருந்திருக்கிறது. ஆகவே இதில் நாமே கோடு கிழித்துக்கொள்ள வேண்டும். எங்கள் நடைமுறை இது: உதவியும் கூடுகையும் ஒரே நாளில், ஒரே இடத்தில், ஒரே ஆள் கையால் நடப்பதில்லை. அரிசி கொடுக்கப் போகும்போது வேதாகமம் கையில் இருக்காது. கூடுகைக்கு வராதவருக்கும் அதே அளவு. வருவதை நிறுத்தியவருக்கும் அதே அளவு. உதவி பெற்றவரைச் சாட்சி சொல்ல எழுப்பமாட்டோம், படம் எடுத்து வாட்ஸ்அப்பில் போடமாட்டோம். கைநீட்டிப் பெற்றவர், இல்லை என்று சொல்லும் உரிமையை இழந்துவிட்டதாக உணர்ந்தால், அதன்பின் அவர் சொல்லும் ஆமென் யாருக்குச் சொன்னது என்று நமக்கே தெரியாது. கடன் கொடுப்பதும் வாங்குவதும் கூடுகைக்காரர்களுக்குள் வேண்டவே வேண்டாம். கடன் கொடுத்தவரும் வாங்கியவரும் அடுத்தடுத்த பாயில் உட்கார்ந்து துதிப்பது எவ்வளவு கடினம் என்பதை மண்டிக் கணக்கு எழுதுகிறவன் அனுபவத்தில் சொல்கிறேன்.

நோயாளிகளுக்காக ஜெபிக்கலாமா?

அவரோ குடும்பத்தாரோ கேட்டால் ஜெபியுங்கள். மாத்திரையை நிறுத்தச் சொல்லும் ஒருவருக்கு உங்கள் வீட்டில் இடம் கொடுக்காதீர்கள். சர்க்கரை நோய்க்கும் வலிப்புக்கும் மருந்தை விட்டால் என்ன ஆகும் என்பது எல்லோருக்கும் தெரியும். இன்ன நோய் குணமாகும் என்று நோட்டீஸ் அடிப்பவர்கள், மந்திர சிகிச்சை விளம்பரங்களைத் தடுக்கும் 1954-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இருப்பதை அறிந்திருக்க வேண்டும். ஜெபத்துக்குப் பின் அரசு மருத்துவமனைக்குத் துணைக்குப் போய் வரிசையில் நிற்பதும் அந்த ஜெபத்தின் பகுதியே என்று நான் நினைக்கிறேன்.

சட்டம் என்ன சொல்கிறது?

அரசியலமைப்பின் 25-ஆம் பிரிவு, பொது ஒழுங்கு, ஒழுக்கம், சுகாதாரம் ஆகியவற்றுக்கு உட்பட்டு, ஒருவர் தம் மதத்தை அறிக்கையிடவும் கடைப்பிடிக்கவும் பரப்பவும் உரிமை தருகிறது. 1977-இல் ஸ்டானிஸ்லாஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதற்கு விளக்கம் அளித்தபோது, ஒரு மதத்தின் கொள்கைகளை எடுத்துரைத்துப் பரப்ப உரிமை உண்டு, ஆனால் இன்னொருவரை மாற்றுவதையே உரிமையாகக் கோர முடியாது என்று கூறியது. நம்மில் சிலருக்கு அந்தத் தீர்ப்பில் மனக்குறை உண்டு. எனக்கோ, மனம் மாறுவது கேட்கிறவருக்கும் தேவனுக்கும் இடையிலான காரியம் என்று நம்புகிறவனுக்கு, அதில் இழந்தது எதுவும் தெரியவில்லை. தமிழ்நாட்டில் 2002-இல் கட்டாய மதமாற்றத் தடைச் சட்டம் வந்தது. 2004-இல் அது விலக்கிக்கொள்ளப்பட்டது. ஓசூர்க்காரர்கள் மட்டும் கவனிக்க: எல்லை தாண்டி அத்திப்பள்ளி வந்தாலே கர்நாடகம், அங்கே 2022-இல் இத்தகைய சட்டம் இயற்றப்பட்டது. எல்லைக்கு அப்பால் உறவினர் வீட்டில் கூடுகை வைப்பதென்றால் அவ்வூர்ச் சபையாரையும் ஒரு வழக்கறிஞரையும் கேட்டுக்கொண்டு செய்யுங்கள்.

வீட்டில் சிலர் கூடி ஜெபிப்பது வேறு; வீட்டையே ஆலயமாக்கிப் பெயர்ப்பலகை மாட்டுவது வேறு. பொது வழிபாட்டுக்கான கட்டடத்துக்கு மாவட்ட ஆட்சியரின் முன் அனுமதி தேவை. இதை மறைத்துக் கட்டிவிட்டுப் பிறகு துன்புறுத்தல் என்று புலம்புவது நேர்மையாகாது.

இன்னொன்று, மிக முக்கியமானது, பலரும் சொல்லத் தயங்குவது. 1950-ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணைப்படி பட்டியல் சாதியினருக்கான தகுதி இந்துக்களுக்கும், 1956 முதல் சீக்கியருக்கும், 1990 முதல் பௌத்தருக்கும் மட்டுமே உண்டு. பட்டியல் சாதியைச் சேர்ந்த ஒருவர் கிறிஸ்தவரானால் அந்தத் தகுதியை இழக்கிறார். தமிழ்நாட்டில் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வைக்கப்படுகிறார். பழங்குடியினருக்கான ஆணையில் மதத்தைப் பற்றிய இந்த வரையறை இல்லை. ஞானஸ்நானம் கேட்டு வருகிற இளைஞரிடம், அவர் கல்லூரிக்கும் வேலைக்கும் விண்ணப்பிக்கப் போகிறவர் என்று தெரிந்தும் இதைச் சொல்லாமல் தண்ணீரில் இறக்குவது துரோகம். சொல்லுங்கள், வீட்டில் பேசிவிட்டு வரச் சொல்லுங்கள், காத்திருங்கள். கோபுரம் கட்டத் தொடங்குமுன் உட்கார்ந்து செலவைக் கணக்குப் பார்க்கச் சொன்னவர் இயேசுவேதான்.

ஒலிபெருக்கி வைக்கலாமா?

வேண்டாம். நாங்கள் வைத்துப் பட்டோம். நாலாம் ஆண்டில் யாரோ அன்பளிப்பாகக் கொடுத்த பெட்டி ஒன்றை ஜன்னலோரம் வைத்து உற்சாகமாகப் பாடினோம். மூன்றாவது வாரம், இரண்டு வீடு தள்ளியிருப்பவர் கையில் ஒரு கணக்குப் புத்தகத்தோடு வாசலில் வந்து நின்றார். சண்டை போடவில்லை. "அண்ணா, பொண்ணுக்கு பத்தாவது பரீட்சை" என்றார், அவ்வளவுதான். பதினெட்டுக்குப் பதினாறு அடி அறையில் உட்கார்ந்திருக்கும் இருபது பேருக்கு மைக் எதற்கு என்று அன்றுவரை எங்களில் ஒருவரும் கேட்டுக்கொள்ளவில்லை. பெட்டி இப்போது பரண்மேல் இருக்கிறது.

சட்டமும் தெளிவாக இருக்கிறது. 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி ஒலிபெருக்கிக்கு எழுத்துமூல அனுமதி வேண்டும். இரவு 10 முதல் காலை 6 வரை வெளியே கேட்கும்படி வைக்கக் கூடாது. குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவில் 45 டெசிபல் வரையறை. அதே ஆண்டு, சென்னையில் ஒரு சபைக்கும் குடியிருப்போர் சங்கத்துக்கும் இடையிலான வழக்கில், பிறர் அமைதியைக் குலைத்து ஒலிபெருக்கியில் ஜெபிக்கும்படி எந்த மதமும் சொல்லவில்லை என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வழக்கில் தோற்றது நம் தரப்பு என்பதால் இந்தத் தீர்ப்பை நம் கூட்டங்களில் யாரும் எடுத்துச் சொல்வதில்லை. டோலக்கும் கஞ்சிராவும் கைத்தட்டலும் இருக்கின்றன.

அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் ஆர்வமாக வருகிறார்கள், சேர்த்துக்கொள்ளலாமா?

பெற்றோர் வாயால் சம்மதம் சொன்ன பின்னரே சேர்த்துக்கொள்ளுங்கள். பிள்ளையின் வழியாகக் குடும்பத்துக்குள் நுழையலாம் என்ற கணக்கு நமக்கு வேண்டாம்.

யாராவது வந்து தடுத்தால் என்ன செய்வது?

வந்தவரை உட்காரச் சொல்லுங்கள், தண்ணீர் கொடுங்கள். கூடுகையை அன்றைக்கு நிறுத்தச் சொன்னால் நிறுத்திவிடுங்கள். ஒரு புதன்கிழமையால் பரலோக ராஜ்யம் தள்ளிப்போகாது. வாக்குவாதத்தைக் கைப்பேசியில் படம்பிடித்துப் பரப்ப வேண்டாம். மறுநாள் ஊர்ப் பெரியவர் ஒருவரை, கிறிஸ்தவரல்லாத ஒருவரை, உடன் அழைத்துக்கொண்டு போய்ப் பேசுங்கள். அடி, மிரட்டல் என்று போனால் காவல் நிலையத்தில் எழுத்துமூலம் புகார் கொடுத்து ரசீது வாங்குங்கள். மன்னிப்பதற்கும் புகார் கொடுப்பதற்கும் முரண்பாடு இல்லை. எங்களைத் தடுக்க ஒருமுறை நாலு பேர் வந்தபோது, முதலில் எழுந்து வாசலுக்குப் போனவர், இன்றுவரை ஞானஸ்நானம் வாங்காத அந்த எதிர்வீட்டு அம்மாதான்.

நடத்துகிறோம், ஒருவரும் வருவதில்லை. என்ன செய்வது?

நீங்களும் உங்கள் வீட்டாரும் இருக்கிறீர்கள் அல்லவா? மத்தேயு 18:20 கேட்கும் எண்ணிக்கை இரண்டு அல்லது மூன்றுதான். தொடக்கத்தில் ஐந்து மாதம் நானும் என் மனைவியும் மட்டுமே இருந்தோம். வராதவர்களைப் பற்றி அந்த நேரத்தில் பேசுவதில்லை என்று ஒப்பந்தம் செய்துகொண்டு, தெருவில் உள்ள ஒவ்வொரு வீட்டுக்காகவும் பெயர் சொல்லி ஜெபித்தோம். பல வீடுகளில் பெயர்கூட எங்களுக்குத் தெரியவில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. விசாரித்துத் தெரிந்துகொள்ளவே மூன்று மாதம் ஆனது. வாசல் கதவை மட்டும் ஆறேமுக்காலிலிருந்து எட்டு வரை திறந்தே வைத்திருங்கள், பாய் இரண்டு அதிகமாகவே விரித்திருக்கட்டும்.